எண்பத்தாறு அடங்காப்பிடாரிகள்

எங்கள் வீட்டில் நாற்பத்தொரு வயதில் ஒரு பாப்பா இருக்கிறாள். என் தங்கைதான். காதோரம் நரைத்துவிட்டது, கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க வராது, பதினான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். இருந்தாலும் வீட்டுக்குள் காலை வைத்துவிட்டால் அவள் பாப்பாதான். அதில் அவளுக்குக் கோபமே கிடையாது. கோபப்படுகிற வேலையை அவளுக்கும் சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

நான் தையல்காரி. கடையில் இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேஜை, ஆளுயரக் கண்ணாடி, துணி மாற்ற ஒரு திரை. கடைக்கு மேலே வீடு. என் வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் மெக்கானிக். பாப்பா மேலே பின்னறையில் இருக்கிறாள். முப்பத்தாறு வயதில், இருந்த வேலையை விட்டுவிட்டு யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சிக்குச் சேரப்போகிறேன் என்று கடையில் வந்து நின்றாள். நான் போட்ட சத்தத்தில் திரைக்குப் பின்னால் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் பாதிப் பட்டனோடு வெளியே ஓடி வந்துவிட்டார். கல்யாணம்தான் வேண்டாம் என்றாய், சோறு போடுகிற வேலையும் வேண்டாமா என்று கேட்டேன். அவள் என் இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். சுருட்டி முடித்து மேஜையில் வைத்துவிட்டு, நேற்றே சேர்ந்தாயிற்று என்றாள். அவ்வளவுதான். கல்லுளிமங்கி.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் எண்ணுவாள். ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள் என்பாள். யார் யார் வந்திருந்தார்கள் என்று கேட்டால் முழிப்பாள். எனக்கு நேர் எதிர்ப் பழக்கம். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் யார் என்ன போட்டிருந்தார்கள், யாருக்குத் தோள் இறங்கியிருந்தது, யார் போன வருஷத்துக் கோட்டுக்குள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் ஒன்று விடாமல் சொல்வேன். இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்துதான் பின்னால் எங்களைப் படாதபாடு படுத்தின.

என்னதான் ஆராய்கிறாய், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லேன் என்று ஒருநாள் பிடித்துக்கொண்டேன். கடையில் பட்டன் போட்டுவைக்கிற பாட்டில் ஒன்று இருக்கிறது. அதில் பாதியளவு பட்டன் போட்டுக் குலுக்கினாள். பட்டன்கள் தாராளமாகப் புரண்டன. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கொட்டி அழுத்தினாள். ஒரு கட்டத்தில் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தும் ஒரு பட்டன்கூட அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறுகவில்லை, பார், ஒரே நேரத்தில் எல்லாம் இறுகிவிட்டது என்றாள். இதேபோல ஒரு இறுக்கம் கம்ப்யூட்டர்க்காரர்களின் நியூரல் நெட்வொர்க்கிலும் வருகிறதாம். கையால் எழுதிய எண்ணைப் படமாகக் காட்டினால், இது மூன்று, இது ஏழு என்று அது சொல்ல வேண்டும். அதற்குள்ளே திருகிச் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் குமிழ்கள். ஒவ்வொரு படமும் எனக்குச் சரியாகச் சொல் என்று முட்டும். குமிழ் குறைவாக இருந்தால் எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும், அப்படியே இறுகி நின்றுவிடும். குமிழைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் இறுக்கம் விட்டுப்போகும். அதற்கப்புறம் ஒரு படத்துக்கும் குறை இருக்காது. அந்த இடம் எது, அங்கே எவ்வளவு சட்டென்று விட்டுப்போகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

"அடிப்பாவி, இது டார்ட் கணக்குடி" என்றேன். டார்ட் என்றால் உடம்பு வளைவுக்கு ஏற்பத் துணியை மடித்துப் பிடித்துத் தைக்கிற இடம். இரண்டே தையலில் எந்த உடம்புக்கும் சட்டை உட்காராது. மார்பைச் சரிசெய்தால் இடுப்பு தூக்கும், இடுப்பைப் பிடித்தால் தோள் இழுக்கும். பிடித்துத் தைக்க இடம் கூடக் கூட, எப்படிப்பட்ட கோணல் உடம்பும் அதற்குள் அமைதியாக உட்காரும். பாப்பா நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எல்லோரும் ஒரே எண் படங்களையே பயன்படுத்துகிறார்கள், யாரும் பார்க்காத கையெழுத்து கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அவளுடைய கைடு சொன்னாராம். கைடு என்றால் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற பேராசிரியர். என் கடையில் பதினோரு வருஷத்து அளவுச் சீட்டு இருக்கிறதே, எடுத்துக்கொள் என்றேன். கட்டம் போட்டு அச்சடித்த சீட்டு. ஒரு கட்டத்துக்கு ஓர் எண். நான் எழுதியது, வேலைக்கு இருந்தவர்கள் எழுதியது, வாடிக்கையாளர்களே எழுதிக் கொண்டுவந்தது எல்லாம் கலந்து கிடந்தது. பாப்பா மூட்டை மூட்டையாக எடுத்துப் போய்ப் படம் பிடித்தாள்.

படம் பிடித்தால் போதாதாம். ஒவ்வொரு படத்துக்கும் இது இன்ன எண் என்று ஒரு மனுஷர் உட்கார்ந்து சொல்ல வேண்டுமாம். அதையும் நானே செய்கிறேன் என்றேன். அவளுடைய லேப்டாப்பில் சீட்டு முழுசாகத் தெரியும், ஒரு கட்டம் மட்டும் மஞ்சளாக மின்னும், அதில் இருக்கிற எண்ணை நான் தட்ட வேண்டும். மத்தியான வேளையில் கடையில் ஆள் இல்லாதபோது தட்டிக்கொண்டே இருப்பேன். பாதியில் கண் எரிய ஆரம்பித்தது. மிச்சத்தை அவள் வேறு கம்ப்யூட்டரில் போட்டுத் தானே தட்டிக்கொண்டாள். இப்படியாக நாலாயிரம் சொச்சம் எண் சேர்ந்தது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் நெட்வொர்க்கைச் சின்னதாகவும் பெரியதாகவும் செய்து ஓட்டிப் பார்த்தாள். குமிழைக் கூட்டக் கூட, திருப்தியாகாத படங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் இறுக்கம் விடவே இல்லை. சறுக்கிச் சறுக்கி வந்து எண்பத்தாறில் உட்கார்ந்துவிட்டது. குமிழை இரண்டு மடங்காக்கினாலும் எண்பத்தாறு. நாலு மடங்காக்கினாலும் எண்பத்தாறு. முதலிலிருந்து வேறு மாதிரி ஆரம்பித்தாலும் எண்பத்தாறு. ஊரிலே உள்ளவர்களுக்கெல்லாம் பூஜ்யம் வருகிறது, நமக்கு மட்டும் வரவில்லை என்று முதலில் அழுதாள். பிறகு கைடும் அவளும் உட்கார்ந்து யோசித்து, இது புது விஷயம், எவ்வளவு இடம் கொடுத்தாலும் இளகாத ஒரு கரு உள்ளே இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுதினார்கள். என் தங்கை பாட்டு முணுமுணுத்து நான் கேட்டது அதை எழுதிய நாலு மாசத்தில்தான்.

அவளுக்கு இரண்டு முறை காலநீட்டிப்பு கொடுத்திருந்தார்கள். மூன்றாவது கிடையாது. ஐந்து பேர் கொண்ட கமிட்டி முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அவள் எல்லாவற்றையும் விளக்க வேண்டும். அவர்கள் சரி என்றால் ஆய்வேட்டைக் கொடுக்கலாம். இல்லையென்றால் பதிவு ரத்து. ஐந்து வருஷமும் போச்சு. எண்பத்தாறு என்ற கண்டுபிடிப்பைச் சுருக்கமாக எழுதி ஐந்து பேருக்கும் அனுப்பியும் ஆகிவிட்டது.

அதற்கு முந்தின வாரம் வியாழக்கிழமை மத்தியானம் பாப்பா கையில் தாள்களோடு கடைக்கு இறங்கி வந்தாள். கமிட்டிக்குக் காட்ட, அடங்காத அந்த எண்பத்தாறு எப்படி இருக்கும் என்று முதல்முறையாக அச்சடித்துப் பார்த்தாளாம். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல்முறை! எத்தனை என்று ஆயிரம் தடவை கேட்டவள், எது என்று ஒரு தடவை கேட்கவில்லை. எதைப் பெரிதாகப் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், நீயே எடுத்துக்கொடு அக்கா என்று தாள்களை மேஜையில் வைத்துவிட்டு, போன் வந்ததென்று மேலே போய்விட்டாள்.

நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். முதல் படத்தில் ஒரு நாலு, அதன் கீழே எட்டு என்று போட்டிருந்தது; அந்தக் கையெழுத்து யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது மருந்துக்கடைக்காரரின் இடுப்பு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சில பேர் தங்கள் அளவைத் தாங்களே எழுதிக் கொண்டுவருவார்கள், பத்து வருஷத்துக்கு முந்தின அளவை. அவர்களோடு வாதாடக் கூடாது. சரிங்க என்று சீட்டை வாங்கிக் குத்திவைத்துவிட்டு, கண்ணால் பார்த்த அளவுக்குத்தான் துணியை வெட்ட வேண்டும். மருந்துக்கடைக்காரர் முப்பத்துநாலு என்று எழுதியிருந்தார். மனுஷர் முப்பத்தெட்டு. லேப்டாப்பில் அந்த நாலு மின்னியபோது என் கை தானாக எட்டைத் தட்டியிருக்கிறது. அடுத்தது லைப்ரரிக்காரம்மாவின் தோள். அதற்கடுத்தது பஸ் கண்டக்டரின் கழுத்து. அத்தனையும் நான் மனசுக்குள் திருத்திய அளவுகள். எழுதியிருந்ததைத் தட்டச் சொன்னால் உண்மையைத் தட்டியிருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்ல!

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு படமும் இரண்டிரண்டு தடவை இருந்தது. ஒன்றின் கீழே நான் தட்டியது, மற்றதன் கீழே பாப்பா தட்டியது. நான் விட்ட இடத்திலிருந்து அவள் ஆரம்பித்தபோது, நான் முடித்திருந்த ஒரு கட்டுச் சீட்டையும் சேர்த்துத் தட்டியிருக்கிறாள். ஒரே படத்துக்கு நான் எட்டு என்கிறேன், அவள் நாலு என்கிறாள். எந்த நெட்வொர்க் வந்தால்தான் என்ன செய்யும்? அக்கா பேச்சைக் கேட்டால் தங்கைக்குக் கோபம், தங்கை பேச்சைக் கேட்டால் அக்காவுக்குக் கோபம். நடுவில் நின்றால் இரண்டு பேருக்கும் குறை, அதனால் இரண்டு படமும் முட்டிக்கொண்டே நிற்கும்.

தாள்களைக் கவிழ்த்து வைத்தேன். பாப்பா திரும்பி வந்து எதை எடுத்தாய் என்று கேட்டபோது, அவசரத் துணி இருக்கிறது, பிறகு பார்க்கிறேன் என்றேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காலர் ஒன்றைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன், பிரித்தேன், மறுபடி தலைகீழாகவே தைத்தேன். சாப்பிட வந்த வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, ஐந்து பேராசிரியர்களுக்கும் தெரியாதது நமக்கு மட்டும் தெரிந்து என்ன ஆகப்போகிறது, சும்மா இரு என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறீர்களா என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் சொன்னது வேறொன்றுமில்லை. அந்த இரண்டு மணி நேரமும் நான் நினைத்துக்கொண்டிருந்ததையேதான் சொன்னார். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

மேலே போனேன். பாப்பா கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். தாள்களை அவள் கையில் கொடுத்து, ஒன்று விடாமல் சொன்னேன். 

அவள் கட்டிலில் உட்கார்ந்து தாளைப் புரட்டினாள். "எத்தனை ஜோடி?" என்றாள். நாற்பத்துமூன்று என்று அவளே எண்ணியும் கொண்டாள். பிறகு தாளை மடியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீ மட்டும் தப்பா தட்டியிருந்தா தெரிஞ்சே இருக்காதுக்கா. அது மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருக்கும். நானும் தட்டினதாலதான் இது மாட்டிக்கிச்சு" என்றாள்.

இனி என்ன ஆகும் என்று கேட்டேன். சரிசெய்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும், ஆறு நாள் பிடிக்கும், இருப்பதோ எட்டு நாள் என்றாள். ஓட்டினால் பூஜ்யம் வருமா என்றேன்.

"வரணும். வந்தா இறுக்கம் எந்த இடத்துல, எவ்வளவு சட்டுனு விடுதுன்னு காட்டலாம். வரலைன்னா என்கிட்ட காட்ட ஒண்ணுமே இல்லக்கா."

கைடுக்குப் போன் போட்டாள். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவள் இரண்டு முறை ஹலோ சொன்னாள். நாம் வைத்த பெயர் நல்ல பெயராக இருந்தது என்று மட்டும் அவர் வருத்தமாகச் சொன்னாராம். சொல்லிவிட்டு, யூனிவர்சிட்டி கம்ப்யூட்டரில் தன் முறையையும் அவளுக்கே விட்டுக்கொடுத்தார். நல்ல மனுஷர்.

அந்த ஆறு நாளும் நான் கடையில் யாரிடமும் மூஞ்சி கொடுத்துப் பேசவில்லை. தினமும் மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு யூனிவர்சிட்டிக்குப் போனேன். மூன்றாவது மாடி, குளிர்ச்சியான ஒரு சின்ன அறை, ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் மேஜை. குமிழ் குறைவான நெட்வொர்க்குகள் முதலில் முடிந்தன. முட்டுகிற படங்களின் எண்ணிக்கை திரையில் புள்ளி புள்ளியாக வந்தது: ஆயிரத்துக்கு மேல், எண்ணூறு, அறுநூறு. இதெல்லாம் போன தடவையும் வந்தவைதான், இதில் ஒன்றும் தெரியாது என்றாள். புதன்கிழமை ஒரு புள்ளி வந்தது. முந்நூற்றுப் பதினெட்டு. பாப்பா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள். முந்நூற்றுப் பதினெட்டிலிருந்து பூஜ்யத்துக்கு எப்போது இறங்குவது, நாளைக்கு ஒரு நாள்தானே இருக்கிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். இவ்வளவு படித்தவளை இரண்டு விரலால் தட்டியே கவிழ்த்துவிட்டேனே என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை அவள் என்னை வரவேண்டாம் என்றாள். நான் போனேன். மூன்று மணிக்கு அடுத்த புள்ளி வந்தது. குமிழ் கொஞ்சம்தான் கூடியிருந்தது. நான் முந்நூறு வரும், இருநூற்றைம்பது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி அடித்தரையில் கிடந்தது. பூஜ்யம். பாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதற்கடுத்ததும் பூஜ்யம், அதற்கடுத்ததும். முந்நூற்றுப் பதினெட்டு பேர் முட்டிக்கொண்டு நின்ற இடத்தில், ஒரு சின்ன இடம் கூடியதும் ஒருத்தர்கூட முட்டவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து ஷார்ட் சர்க்யூட்டா என்று கேட்டார்கள்.

மறுநாள் கமிட்டி. நான் தைத்துக்கொடுத்த சாம்பல் நிறக் கோட்டில் பாப்பா முன்னால் நின்றாள். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்றதால் நானும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவள் முதலில் பழைய வரைபடத்தைக் காட்டினாள், எண்பத்தாறில் முடிகிற கோடு. நடுவில் உட்கார்ந்திருந்த வெள்ளை முடி அம்மா கையைத் தூக்கினார். வெளி யூனிவர்சிட்டியிலிருந்து வந்தவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று கைடு முன்னாலேயே சொல்லியிருந்தார். இதைத்தானே பெரிய கண்டுபிடிப்பு என்று எங்களுக்கு அனுப்பினீர்கள், இப்போது தவறு என்கிறீர்கள், எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

பாப்பா மறைக்கவில்லை. எண்களைத் தட்டியது என் அக்கா, ஒரு கட்டுச் சீட்டை இரண்டு தடவை சேர்த்தது நான், கண்டுபிடித்துச் சொன்னதும் அக்காதான், அதோ உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். ஐந்து தலையும் என் பக்கம் திரும்பின. நான் தானாக எழுந்து நின்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். சொன்னால் தங்கையின் கண்டுபிடிப்பு போய்விடும் என்று தெரியுமா என்றார். தெரியும் என்றேன். சொல்லாமல் இருந்திருந்தால் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது, பிறகு ஏன் சொன்னீர்கள் என்றார்.

எனக்கு அங்கே பொய் சொல்ல வரவில்லை. "ரெண்டு மணி நேரம் சொல்லாமதாங்க இருந்தேன். இவ வாழ்க்கையில பொய் சொன்னதே இல்ல. இவளுக்கே தெரியாம இவள இங்க நிக்க வெச்சுப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனசு வரல."

ஆறு நாளும் கல்லாக இருந்த என் தங்கை, கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, ஐந்து பேர் முன்னால் அழுதாள். கைடு எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. கோட்டுக் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த படத்தைப் போட்டாள். கோடு சரிந்து வந்து, ஓர் இடத்தில் செங்குத்தாக விழுந்து, தரையோடு ஓடியது. வெள்ளை முடி அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனா மூடியைத் திறந்தார்.

"இப்ப எத்தனை மிச்சம்மா?"

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள் பாப்பா.

அவர் தாளை இழுத்துத் தன் முன்னால் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார்.